வெற்றியாளரைத் தீர்ப்பது வாக்கா, களமா?

விளையாட்டில் வென்றவர் யாரென்பதைக் களம் சொல்லும். நிருபர்கள் அதனை எழுதுவார்கள். இதுவே உலக வழக்கு. இவ்வழக்கை நெடுங்காலம் தலைகீழாக்கி வைத்திருந்த விளையாட்டொன்று உண்டு. அங்கே நிருபர்கள் வாக்களித்தார்கள். அவ்வாக்குகளை எண்ணி இவ்வாண்டின் சம்பியன் இன்னாரென்று அறிவித்தார்கள். ஆடிய பிள்ளைகளோ தாம் சம்பியன்தானா என்பதைப் பத்திரிகை பார்த்து அறிந்துகொண்டார்கள். அமெரிக்க நாட்டின் கல்லூரிப் புட்போலைப் பற்றியே சொல்கிறேன்.

புட்போல் என்றதும் வாசகர்கள் நமது உதைபந்தாட்டத்தை நினைத்துவிடலாகாது. அது வேறு, இது வேறு. றக்பியின் வயிற்றிற் பிறந்து, தலைக்கவசமும் தோட்கவசமும் பூண்டு வளர்ந்த ஆட்டம் இது. பெயரிலே காலிருந்தாலும் வேலையெல்லாம் கைக்கும் தோளுக்குமே. பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் உண்டு. அந்நான்கினுள் பத்து யார் முன்னேறாவிட்டாற் பந்து எதிரணிக்குப் போய்விடும். இவ்வளவு தெரிந்தாற் போதும்.

1869ஆம் ஆண்டு நவம்பரில் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் என்னும் இரு கல்லூரிகள் முதன்முதல் மோதியபோது ரட்கர்ஸ் 6க்கு 4 என்று வென்றது. அன்று தொடங்கிய ஆட்டம் இன்று முதற்றரத்தில் மட்டும் 130க்கு மேற்பட்ட பல்கலைக்கழகங்களைப் பற்றியிருக்கிறது. ஆண்டொன்றுக்கு ஓரணி ஆடும் வழமையான ஆட்டங்கள் பன்னிரண்டே. உடம்போடு உடம்பு மோதும் ஆட்டமாகையால் வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் ஆடுதல் இயலாது. 130 அணிகளும் ஒன்றோடொன்று மோதிப் பார்ப்பது கனவிலும் நடவாது. அந்தந்தப் பிரதேசத்துப் பல்கலைக்கழகங்கள் கூடிக் கூட்டமைப்புகள் வகுத்துக்கொண்டு தமக்குள்ளே ஆடிவந்தன. கூட்டமைப்புக்கொரு சம்பியன் கிடைத்தான். நாட்டுக்கொரு சம்பியன் கிடைக்கவில்லை.

இதற்கு மேல் எழுந்தவை பௌல் ஆட்டங்கள். பௌல் என்றாற் கிண்ணம். கலிபோர்னியாவிலே பசதீனா என்னும் ஊரில், மற்றப் பகுதிகள் பனியில் விறைக்கும் வேளையிலே ரோசா மலர் விழாக் கொண்டாடுவார்கள். அவ்விழாவை ஒட்டி 1902ஆம் ஆண்டுப் புத்தாண்டுத் தினத்தில் ஓர் ஆட்டம் வைத்தார்கள். மிச்சிகன் 49, ஸ்டான்பர்ட் 0. ஆட்டம் இவ்வளவு ஒருபக்கமாக முடிந்ததால் அதன்பின் சில ஆண்டுகள் தேரோட்டப் பந்தயம் முதலியவற்றை நடத்திப் பார்த்துவிட்டு, 1916இல் மறுபடியும் புட்போலுக்கே வந்தார்கள். பின்னர் கட்டிய கிண்ண வடிவான அரங்கத்தாற் பெயர் ரோஸ் பௌல் ஆயிற்று. அதைக் கண்டு நியூ ஓர்லியன்ஸ் நகரில் சுகர் பௌல், மயாமியில் ஒரேஞ்ச் பௌல், டலசில் கொட்டன் பௌல் என்று 1930களில் வரிசையாக எழுந்தன. பனிக்காலத்திற் பயணிகளைத் தம் ஊருக்கு இழுப்பதே இவற்றின் நோக்கம். நாட்டின் முதல் அணியும் இரண்டாம் அணியும் சந்திக்கவேண்டும் என்பது அந்நகரத்து விடுதிக்காரருக்கு ஒரு கவலையே அன்று.

இந்த இடைவெளியிலேதான் வாக்கு நுழைந்தது. 1936இல் அசோஷியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் வாரந்தோறும் நிருபர்களின் வாக்கைத் திரட்டி அணிகளை வரிசைப்படுத்தத் தொடங்கியது. அவ்வாண்டு மினசோட்டா முதலிடம் பெற்றது. 1950இல் யுனைட்டட் பிரஸ் பயிற்றுநர்களின் வாக்கைத் திரட்டலாயிற்று. இதில் வேடிக்கை என்னவென்றால், நெடுங்காலம் இறுதி வாக்கெடுப்பைப் பௌல் ஆட்டங்களுக்கு முன்னரே முடித்துவிடுவார்கள். 1950இல் ஒக்லஹோமாவைச் சம்பியன் என்று முடிசூட்டினார்கள். முடிசூடிய ஒக்லஹோமா சுகர் பௌலிலே கென்டக்கியிடம் 13க்கு 7 என்று தோற்றது. முடி கழற்றப்படவில்லை. அதற்கு மூன்றாண்டு முன்னர் நோட்டர் டேமுக்கு முதலிடம் வழங்கப்பட்டபின், மிச்சிகன் ரோஸ் பௌலிலே தென் கலிபோர்னியாவை 49க்கு 0 என்று நொறுக்கியது. மனம் பொறாத அசோஷியேட்டட் பிரஸ், மறுபடி ஒரு வாக்கெடுத்துப் பார்த்தது. மிச்சிகனுக்கு 226, நோட்டர் டேமுக்கு 119! ஆயினும் அது உத்தியோகபூர்வமானதன்று என்று சொல்லிவிட்டார்கள். 1968 முதற்கொண்டே அந்நிறுவனம் பௌல் ஆட்டங்கள் முடியுமட்டும் நிலையாகக் காத்திருக்கப் பழகிக்கொண்டது.

வாக்கு வெறுமனே ஆட்டத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னாலும் பொறுக்கலாம். ஆட்டத்துக்குள்ளேயே புகுந்து அதன் போக்கை மாற்றிவிடுகிறதே, அதைத்தான் என்னாற் பொறுக்க முடிவதில்லை. 1966 நவம்பர் 19ஆம் நாள் நடந்ததைச் சொல்கிறேன். அன்று மிச்சிகன் ஸ்டேட் அணியும் நோட்டர் டேம் அணியும் மோதின. இரண்டும் அதுவரை தோல்வி அறியாதவை. வரிசையில் முதலிரு இடங்களில் நின்றவை. 10க்கு 10 என்று சமநிலை. ஆட்டம் முடிய ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகமாகவே மீதமிருந்தது. பந்து நோட்டர் டேமின் கையில். எந்தப் பயிற்றுநனும் வெற்றிக்குப் பாயும் வேளை அது. ஆனால் நோட்டர் டேமின் பயிற்றுநர் ஆரா பார்சீகியன், பந்தைப் பாதுகாத்துக்கொண்டு நேரத்தைக் கழித்துவிடுமாறு தம் பிள்ளைகளைப் பணித்தார். பாய்ந்து பந்தைப் பறிகொடுத்தால் எல்லாம் போய்விடும். சமநிலையில் முடிந்தாலோ வாக்காளர் கைவிடமாட்டார் என்பது அவர் கணக்கு. கணக்குப் பிழைக்கவில்லை. அடுத்த வாரம் தென் கலிபோர்னியாவை 51க்கு 0 என்று வென்று நோட்டர் டேம் முதலிடத்தைப் பெற்றது. மிச்சிகன் ஸ்டேட் இரண்டாமிடம்.

அவ்வாண்டு ஓர் ஆட்டத்தையேனும் தோற்காமலும் சமன் செய்யாமலும் நின்ற அலபாமாவுக்குக் கிடைத்தது மூன்றாமிடம். சுகர் பௌலிலே நெப்ராஸ்காவை 34க்கு 7 என்று வென்று 11 வெற்றிகளோடு அது ஆண்டை முடித்தது. அலபாமா அணியில் அன்று கறுப்பு இனத்து வீரர் ஒருவர்கூட இல்லை. அந்நிறப் பாகுபாட்டின் மீதிருந்த வெறுப்பும் வாக்காளர் மனத்தில் வேலை செய்தது என்பர் சிலர். அவ்வெறுப்பு நியாயமானது, ஆனால் நிறவெறியைக் கண்டிக்க வேண்டியவர்கள் அந்த அணியைப் போட்டியிலிருந்தே விலக்கியிருக்கலாம், வாக்குச் சீட்டில் ஒளித்துவைத்த கண்டனம் யாருக்கும் பாடமாகாது. நோட்டர் டேமும் மிச்சிகன் ஸ்டேட்டும் பௌல் ஆட்டம் எதற்குமே போகவில்லை. முன்னதற்குத் தன் சொந்த வழக்கம் தடை. பின்னதற்குக் கூட்டமைப்பின் விதி தடை. மூன்று அணிகளும் மீண்டும் ஒரு முறை மோதினால் ஐயம் தீர்ந்திருக்கும். மோதுவதற்கு வழியே இல்லை.

இதற்கு மூன்றாண்டுகளின் பின்னர் நாட்டின் ஜனாதிபதியே வாக்காளராக வந்தார். 1969 டிசெம்பரில் டெக்சாஸ் அணி ஆர்க்கன்சோவை 15க்கு 14 என்று வென்றதும், ஆட்டம் பார்க்கச் சென்றிருந்த ஜனாதிபதி நிக்சன் உடைமாற்றும் அறைக்குட் புகுந்து, நாட்டின் முதல் அணி இதுவே என்று பட்டயம் வழங்கினார். பென்சில்வேனியாவின் பென் ஸ்டேட் அணியும் அவ்வாண்டு தோற்கவில்லை. முந்திய ஆண்டும் தோற்கவில்லை. வோட்டர்கேட் விவகாரம் வெடித்த 1973இல், பென் ஸ்டேட் பயிற்றுநர் ஜோ பட்டேர்னோ பட்டமளிப்பு விழாவொன்றிற் பேசும்போது, புட்போலைப் பற்றி அவ்வளவு அறிந்திருந்த ஜனாதிபதி தம் வீட்டு விவகாரத்தை அறியாதிருந்தது எப்படி என்று குத்தினாராம். நான்காண்டு பொறுத்துச் சொன்ன பதில்!

இப்படிப்பட்ட கதைகள் இன்னும் பலவுண்டு. 1990இல் கொலராடோ அணிக்கு மிசூரியுடனான ஆட்டத்தில் நடுவர்கள் எண்ணத் தவறி நான்குக்குப் பதிலாக ஐந்து முயற்சிகள் கொடுத்துவிட்டார்கள். அவ்வைந்தாவது முயற்சியில் வென்ற கொலராடோவை நிருபர்கள் சம்பியன் என்றார்கள். பயிற்றுநர்கள் ஜோர்ஜியா டெக் அணியைச் சம்பியன் என்றார்கள். ஒரு நாட்டுக்கு ஒரே ஆண்டில் இரண்டு சம்பியன்கள்.

1998இல் ஒரு திருத்தம் வந்தது. நிருபர், பயிற்றுநர் வாக்குகளோடு கணினிக் கணக்கையும் கலந்து, முதலிரு அணிகளைப் பொறுக்கி, அவ்விரண்டையும் இறுதியாட்டம் ஒன்றில் மோதவிட்டார்கள். கேட்பதற்கு நன்று. 2003இல் இரு வாக்கெடுப்புகளிலும் முதலிடத்தில் நின்ற தென் கலிபோர்னியாவைக் கணினி மூன்றாமிடத்துக்குத் தள்ளிவிட்டது. தன் கூட்டமைப்பின் இறுதியாட்டத்தில் 35க்கு 7 என்று அடிபட்ட ஒக்லஹோமா உள்ளே போயிற்று! லூயிசியானா ஸ்டேட் அதனை வென்று ஒரு சம்பியன் ஆனது; நிருபர்கள் தென் கலிபோர்னியாவை மற்றொரு சம்பியன் ஆக்கினார்கள். அடுத்த ஆண்டு ஒபர்ன் அணி எல்லா ஆட்டங்களையும் வென்றும் வாயிலிலேயே நின்றது. 2008இல் யூட்டா அணி 13 ஆட்டங்களிலும் வென்றது. சுகர் பௌலில் அலபாமாவை 31க்கு 17 என்று சாய்த்தது. பட்டத்துக்கு ஆடும் வாய்ப்பே கிட்டவில்லை. பெரிய கூட்டமைப்பைச் சேராத ஏழை அணியென்பதே அதன் குற்றம். அவ்வாண்டு தேர்தலில் வென்றிருந்த ஒபாமா, எட்டு அணிகள் கொண்ட விலகற் சுற்றுப்போட்டி வேண்டும் என்று தொலைக்காட்சியிற் கூறினார்.

தோற்றவர் விலக, வென்றவர் மேற்செல்லும் சுற்றுப்போட்டி உலகெங்கும் நடக்கிறது. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தாட்டத்தில் 1939 முதல் நடக்கிறது. புட்போலிலேயே சிறிய பல்கலைக்கழகங்களின் பிரிவுகளில் 1973 முதலும், முதற்றரத்துக்கு அடுத்த பிரிவில் 1978 முதலும் நடக்கிறது. பெரிய பல்கலைக்கழகங்களின் தலைவர்கள் மட்டும், பரீட்சைக் காலத்தில் மாணவரின் படிப்புக் கெடும் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். சிறிய கல்லூரி மாணவனுக்குக் கெடாத படிப்புப் பெரிய கல்லூரி மாணவனுக்கு மட்டும் எப்படிக் கெடும் என்று கேட்டால் விடையில்லை. உண்மை என்னவெனில், பௌல் ஆட்டங்களின் வருவாயும் அவ்வருவாயைப் பங்கிடும் அதிகாரமும் பெரிய கூட்டமைப்புகளின் கையிலிருந்தன. அவற்றைக் கைநெகிழ அவர்களுக்கு மனமில்லை.

ஆனால் சுற்றுப்போட்டியை எதிர்த்தவர்களிடம் வலுவான வாதமொன்றும் இருந்தது. ஆண்டு முழுவதும் நடப்பதே சுற்றுப்போட்டிதான் என்றார்கள். செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமை தோற்றவன் டிசெம்பரில் அழவேண்டியிருந்தது. ஆகவே ஒவ்வொரு சனிக்கிழமையும் உயிர்ப்போராட்டமாக இருந்தது. பின்னாலே மன்னிப்புக் காத்திருக்கிறது என்றால் இந்த உயிர்ப்பு எங்கே போகும்? இவ்வாதத்தை நான் ஏளனமாகத் தள்ளுவதில்லை. இதன் நியாயத்தைக் கண்ணாற் கண்டவன் நான். அதைப் பிறகு சொல்வேன்.

2014இல் நான்கு அணிகளின் சுற்றுப்போட்டி தொடங்கிற்று. அந்நான்கையும் பொறுக்கப் பதின்மூவர் கொண்ட குழுவொன்று அமைக்க விதித்தார்கள். முதலாண்டே வேடிக்கை. இறுதி வாரத்துக்கு முன் மூன்றாமிடத்தில் நின்ற டெக்சாஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழக அணி, அவ்வாரம் 55க்கு 3 என்று வென்றது. வென்ற கையோடு ஆறாமிடத்துக்கு இறக்கப்பட்டது. நான்காவதாக நுழைந்த ஒஹாயோ ஸ்டேட் அலபாமாவையும் ஒரிகனையும் வென்று பட்டத்தைக் கொண்டுபோயிற்று. நான்காவதாக வந்தவனும் வெல்லக்கூடும் என்றால், முந்திய ஆண்டுகளில் இருவரை மட்டும் பொறுக்கியபோது எத்தனை பேர் வாயிலில் நின்று வாடினார்கள் என்று எண்ணிப்பாருங்கள். சுற்றுப்போட்டியின் நியாயத்துக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆயினும் வாக்கு ஒழியவில்லை. வாசலைக் காக்கும் வேலைக்கு மாறிக்கொண்டது, அவ்வளவே. 2023இல் புளோரிடா ஸ்டேட் அணிக்கு நேர்ந்ததை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கிறது. அவ்வணியின் முதன்மை ஆட்டக்காரர் ஜோர்டன் டிராவிஸ் நவம்பரிற் கால் முறிந்து வீழ்ந்தார். அவரின்றியே அவருடைய தோழர்கள் புளோரிடாவை வென்றார்கள். மாற்று ஆட்டக்காரரும் ஆடமுடியாமற் போகவே, மூன்றாமவரான இளைஞர் ஒருவரை முன்னிறுத்திக் கூட்டமைப்பின் இறுதியாட்டத்தில் லூயிவில் அணியை 16க்கு 6 என்று வென்றார்கள். 13 ஆட்டம், 13 வெற்றி. குழு அவர்களைத் தள்ளிவிட்டு, ஒரு தோல்வி கண்ட டெக்சாசையும் அலபாமாவையும் சேர்த்துக்கொண்டது. டிராவிஸ் இல்லாத அணி முன்னைய அணியன்று என்பது குழு கூறிய காரணம். 2014இல் ஒஹாயோ ஸ்டேட்டும் மூன்றாம் ஆட்டக்காரரைக் கொண்டே உள்ளே வந்து பட்டம் வென்றது என்பதைக் குழுவில் யாரும் நினைவுகூரவில்லை போலும். மனமுடைந்த புளோரிடா ஸ்டேட் அணியிலிருந்து பலர் விலகிக்கொள்ள, எஞ்சியவர்கள் ஒரேஞ்ச் பௌலில் ஜோர்ஜியாவிடம் 63க்கு 3 என்று தோற்றார்கள். அதைக் காட்டி, பார்த்தீர்களா, குழு செய்தது சரியே என்றவர்களும் உண்டு. கையைக் கட்டிவிட்டு நீந்தத் தெரியவில்லை என்பது போலன்றோ இது?

2024இல் நான்கு பன்னிரண்டாயிற்று. அவ்வாண்டு நவம்பர் இறுதியில் நான் ஒஹாயோவின் கொலம்பஸ் நகரில் என் தமக்கையின் மகன் வீட்டில் தங்கியிருந்தேன். ஒஹாயோ ஸ்டேட்டுக்கும் மிச்சிகனுக்கும் உள்ள பகை ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்டது. அவ்வாண்டு மிச்சிகன் நலிந்த அணி. ஒஹாயோ ஸ்டேட் எளிதில் வெல்லும் என்பதில் ஒருவருக்கும் ஐயமில்லை. இலட்சத்துக்கு மேற்பட்டோர் அரங்கில். நாங்கள் தொலைக்காட்சியின் முன். மிச்சிகன் 13க்கு 10 என்று வென்றது. வென்றவர்கள் மைதானத்தின் நடுவே தம் கொடியை நாட்டப்போக, கைகலப்பாகிப் பொலிசார் மிளகுப் புகை தெளிக்க நேர்ந்தது. "எல்லாம் போயிற்று, மாமா" என்று மருமகன் எழுந்துபோய்விட்டான். அன்றிரவு அவன் சாப்பிடவில்லை. அயல் வீடுகளிலும் ஓசையில்லை.

ஒன்றும் போய்விடவில்லை. இரு தோல்விகளோடு எட்டாமிடத்தில் ஒஹாயோ ஸ்டேட் உள்ளே எடுக்கப்பட்டது. டெனசியை வென்றது; அவ்வாண்டு தோல்வியே அறியாதிருந்த ஒரிகனை ரோஸ் பௌலில் 41க்கு 21 என்று வென்றது; டெக்சாசை வென்றது; 2025 ஜனவரி 20ஆம் நாள் நோட்டர் டேமை 34க்கு 23 என்று வென்று சம்பியன் ஆயிற்று. தொலைபேசியில் மருமகனை அழைத்து, மிச்சிகனிடம் தோற்றது என்னவாயிற்று என்றேன். "கடைசியில் வென்றதுதானே கணக்கு, மாமா" என்று சிரித்தான். அவன் மகிழ்ச்சியை நான் கெடுக்கவில்லை. ஆனால் அந்த நவம்பர் இரவின் பட்டினிக்கு இனிப் பொருளில்லாமற் போயிற்று என்பது எனக்கு உறுத்தியது. 13 வெற்றி பெற்ற ஒரிகனுக்கு ஒரே தோல்வியோடு எல்லாம் முடிந்தது. இரு தோல்வி கண்டவனுக்குப் பட்டம். முன்னர் சொன்ன வாதத்தின் நியாயம் இதுதான்.

இன்னொரு கணக்கையும் பார்க்கவேண்டும். அவ்வாண்டு ஒஹாயோ ஸ்டேட் பிள்ளைகள் ஆடியவை 16 ஆட்டங்கள். 1966இல் நோட்டர் டேம் ஆடியவை பத்தே. இவ்வாட்டத்தில் தலையிற் படும் அடிகள் மூளையை மெல்லமெல்ல அரிப்பதை மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். 2017இல் வெளியான ஆய்வொன்றில், இறந்தபின் தானமாகக் கொடுக்கப்பட்ட மூளைகளைச் சோதித்தபோது, கல்லூரி மட்டத்தில் ஆடிய 53 பேரில் 48 பேருக்கு அந்நோய் இருந்தது. நோயை ஐயுற்றவர்களின் குடும்பத்தாரே பெரும்பாலும் தானம் செய்வர் என்பதால் இவ்விகிதத்தை எல்லாருக்கும் பொருத்துதல் தவறு. ஆயினும் அடி கூடினால் ஆபத்துக் கூடும் என்பதை மறுப்பாரில்லை. 2026 முதல் இச்சுற்றுப்போட்டியைக் காட்டுவதற்குத் தொலைக்காட்சி நிறுவனம் கொடுக்கும் தொகை ஆண்டுக்கு ஏறக்குறைய 130 கோடி டொலர். 2021 வரை தம் பெயரையும் உருவத்தையும் விற்றுப் பொருளீட்டக்கூட ஆட்டக்காரருக்கு அனுமதியில்லை. 2025இலேயே பல்கலைக்கழகங்கள் நேராகப் பணம் கொடுக்கத் தலைப்பட்டன.

என் தீர்ப்பு என்னவென்று வாசகர்கள் கேட்கலாம். சுற்றுப்போட்டி வேண்டும், களத்திற் கேட்கக்கூடிய கேள்வியை வாக்குச் சீட்டிற் கேட்டல் முறையன்று. ஆனால் பன்னிரண்டு அதிகம். எட்டுப் போதும். அந்த எட்டில் பெரும்பாலான இடங்கள் கூட்டமைப்புகளின் சம்பியன்களுக்கு, சிறியன பெரியன என்னும் பேதமின்றி, உரிமையாகவே கிடைக்கவேண்டும். தோல்வியே காணாத அணியை வெளியே நிறுத்தும் அதிகாரம் எக்குழுவுக்கும் இருத்தலாகாது. கூட்டமைப்பு எதிலும் சேராது தனித்து நிற்கும் நோட்டர் டேம் என் செய்வது என்பார்கள். சேர்ந்துகொள்ளட்டும்.

குழுவின் கையை ஏன் கட்டவேண்டும் என்பதற்கு 2025ஆம் ஆண்டே சான்று. மயாமி முதல் ஆட்டத்திலேயே நோட்டர் டேமை வென்றிருந்தது. இருந்தும் குழு வாரக்கணக்காக நோட்டர் டேமையே மேலே வைத்திருந்தது. இறுதி வாரம் இரண்டில் எதுவும் ஆடவில்லை; ஆடாத வாரத்திலே இடம் மாறிற்று. மயாமி பத்தாமிடத்தில் உள்ளே, நோட்டர் டேம் வெளியே. சினந்த நோட்டர் டேம் பௌல் ஆட்டம் எதுவும் வேண்டாமென்று வீட்டிலிருந்தது. வாசலோரம் நின்ற மயாமியோ இறுதியாட்டம் வரை சென்று, 16 ஆட்டங்களிலும் வென்ற இந்தியானாவிடமே 27க்கு 21 என்று பணிந்தது.

இப்போது 16 அணிகள் வேண்டும், 24 அணிகள் வேண்டும் என்ற பேச்சு நடக்கிறது. கூட்டுவதாயின் வழமையான ஆட்டங்களில் ஒன்றையேனும் குறைக்கவேண்டும் என்பேன். பன்னிரண்டாவது ஆட்டம் 2006இற்றான் நிலையாகச் சேர்க்கப்பட்டது. அதனை எடுத்துவிட்டால் யாதொரு நட்டமும் இல்லை, பல்கலைக்கழகங்களின் நுழைவுச்சீட்டுப் பெட்டிக்குத் தவிர. சொந்த மைதானத்து ஆட்டமொன்றின் வருவாயை விட்டுக்கொடுக்க முன்வந்த பல்கலைக்கழகம் ஒன்றை நான் இதுவரை காணவில்லை.